கோடை வீட்டில் ஒரு கிழமை

1996 ஒக்ரோபரில், யூலண்ட் மேற்குக் கரையில் றிங்கொபிங் பக்கம் ஒரு கோடை வீடு வாடகைக்கு எடுத்தோம். ஜேர்மனியிலிருந்து அண்ணை குடும்பம், நோர்வேயிலிருந்து தங்கச்சி குடும்பம், நாங்கள். மொத்தம் 12 பேர்.

தொழிற்சாலை லீவு யூலையில்; அப்போது வாடகை உச்சம். 42ஆம் கிழமைப் பள்ளி லீவில் மலிவு. முன்னர் பிள்ளைகள் உருளைக்கிழங்கு கிண்டப் போன லீவாம் அது. சனி முதல் சனி வரை வீடு எங்களுக்கு. படுக்கை விரிப்பு நாங்களே கொண்டுபோனோம். மின்சாரக் காசு தனி. மீன் பொரித்த மணம் போக யன்னலைத் திறந்தால், சூடும் போய் மீற்றர் ஓடியது!

முதல் இரண்டு நாளும் பிள்ளைகள் தங்களுக்குள் பேசவில்லை. ஆளுக்கொரு நாட்டு மொழி. மூன்றாம் நாள் மணல்மேட்டில் ஒளித்துப் பிடித்து விளையாடும்போது, “அளாப்பாதை!” என்றொரு சத்தம் கேட்டது. எல்லோருக்கும் பொதுவாக இருந்தது தமிழ்தான். செலவழித்த குரோணருக்கு அதுவே போதும்.