உன் பேரை யாரு தேடப் போறா?

'ஸ்ரீவில்லிபுத்தூர்' என்று இங்கிலீஷில் எழுதச் சொன்னால் எங்கள் ஊர்க்காரர்களே மூன்று கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். டபுள் 'டி'யா, 'டி.எச்'சா, கடைசியில் ஒத்தை 'யு'வா, டபுள் 'ஓ'வா... தீராத பஞ்சாயத்து! பஸ் போர்டில் ஒரு மாதிரி, கடை போர்டில் ஒரு மாதிரி, கல்யாணப் பத்திரிகையில் இன்னொரு மாதிரி. இந்த ஸ்பெல்லிங்கையும் நடுவில் ஒரு சின்னக் கோட்டையும் வைத்து எங்கள் சொந்தக் கடைக்கே ஒருத்தன் ஆப்பு வைத்தான். அந்த மகான் வேறு யாருமில்லை, அடியேன்தான்.

2009. நான் அப்போது காலேஜ் ஃபைனல் இயர். எங்களுக்கு ஊரில் பால்கோவா கடை. ரத வீதியில் பத்துக்குப் பத்து இடம். பின்னால் விறகு அடுப்பு, இரும்புக் கடாய். தாத்தா போன பிறகு அப்பத்தா ஆரம்பித்த கடை. ரெண்டு மாட்டை வைத்துக்கொண்டு, கோயிலுக்கு வருகிறவர்களுக்குத் தாம்பாளத்தில் வைத்து விற்க ஆரம்பித்ததாம். அதனால் கடைக்கு அப்பத்தா பேர்தான். அந்தப் பேரை இங்கே போட்டால், "ஓசியில விளம்பரமா?" என்று எடிட்டர் கேட்பார், அதனால் விட்டுவிடுகிறேன். அதில் ஒரு 'ழ' வரும் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

ஒரு லீவில் வந்தபோது அப்பா கேட்டார். "ஏப்பா, கம்ப்யூட்டர்ல கடையப் போட்டா வெளியூர் ஆர்டர் வருமாமே?"

விடுவேனா? ஹாஸ்டல் ரூம்மேட்டோடு உட்கார்ந்து ஆராய்ச்சி ஆரம்பித்தேன். படித்த இடத்தில் எல்லாம் ஒரே மந்திரம்: ஜனங்கள் கூகுளில் எந்த வார்த்தையைத் தட்டுவார்களோ, அந்த வார்த்தையையே டொமைன் பேராக வாங்கு, முதல் பக்கத்தில் உட்கார்ந்துவிடலாம். அது பொய்யும் இல்லை. அந்தக் காலத்தில் சைட்டில் சரக்கு இருக்கிறதோ இல்லையோ, பேரில் வார்த்தை இருந்தாலே கூகுள் கொஞ்சம் மரியாதை கொடுத்தது.

ஆக, ஊர் பேர் கூட்டல் பால்கோவா! நோட்டில் எழுதிப் பார்த்தோம். 'ஸ்ரீ'யை எழுத மூன்று வழி, 'புத்தூர்' எழுத மூன்று வழி, 'பால்கோவா'வுக்கு நாலு வழி. பெருக்கினால் 36. ஒரே ஸ்வீட், ஒரே ஊர், 36 ஸ்பெல்லிங்! இருப்பதில் பழக்கமானதை எடுத்து எண்ணினால் 21 எழுத்து. (டொமைன் பேரில் புள்ளிக்கு முன்னால் 63 எழுத்து வரை அனுமதி உண்டு. அனுமதி உண்டு என்பதற்காக உபயோகிக்கணுமா என்று அன்று யாரும் கேட்கவில்லை.)

தட்டிப் பார்த்தால், அந்தப் பேரை ஏற்கெனவே யாரோ வாங்கிவிட்டார்கள். ரூம்மேட் உடனே ஐடியா கொடுத்தான். "நடுவுல ஒரு ஹைஃபன் போட்ரா மச்சி. கூகுளுக்கு அது ரெண்டு தனி வார்த்தைன்னு இன்னும் க்ளியரா புரியும்."

கூகுளுக்குப் புரியும். சரி. மனுஷனுக்கு?

அந்தக் கேள்வி எனக்கு வரவில்லை. சில நூறு ரூபாயில் ஒரு வருஷத்துக்கு வாங்கிவிட்டேன். 'வாங்கினேன்' என்று சொல்வதே தப்பு. டொமைனை யாரும் சொந்தமாக வாங்க முடியாது, வாடகைதான். ஒரு தடவைக்கு அதிகபட்சம் பத்து வருஷம் கட்டலாம், அப்புறம் மறுபடி கட்டணும்.

சைட் ரெடி. மேலே ஓடும் எழுத்து, மூலையில் மின்னும் நட்சத்திரம், விசிட்டர் கவுன்ட்டர்... (சிரிக்காதீங்க, 2009!) 'எங்களைப் பற்றி' பக்கத்தில் அப்பத்தா கடாய் முன்னால் நிற்கும் போட்டோ, அதுக்குக் கீழே அவங்க பேர். கடை கல்லாவுக்குப் பக்கத்தில் லேப்டாப்பைத் திறந்து பெருமையாகக் காட்டினேன். அப்பத்தா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தது.

"எம் பேரு வருதாடா இதுல?"

"இதோ, போட்டோவுக்குக் கீழ இருக்குல்ல?"

"மேல?"

"மேல ஊர் பேரும் பால்கோவாவும் மட்டும்தான் அப்பத்தா. அப்பதான் தேடுறவங்களுக்குக் கிடைக்கும். உன் பேரை யாரு தேடப் போறா?"

"அதுவுஞ் சரித்தான்" என்று சொல்லிவிட்டு, அப்பத்தா மறுபடி சில்லறையை எண்ண ஆரம்பித்தது.

நாலு மாசத்தில் நிஜமாகவே முதல் பக்கத்துக்கு வந்துவிட்டோம். கோயம்புத்தூர், பெங்களூர் என்று போன் வந்தது. பேங்க்கில் பணம் போட்டுவிட்டுக் கூப்பிடுவார்கள், மறுநாள் கூரியர். அப்பாவுக்குப் புது உற்சாகம். ஆனால், பார்சல் போய்ச் சேர்ந்தவர்கள் "உங்க சைட் பேர் என்ன, ஃப்ரெண்ட்டுக்குச் சொல்லணும்" என்று கேட்கும்போதுதான் கூத்து.

"ஸ்ரீவில்லிபுத்தூர்... டி.எச் போடுங்க... அப்புறம் ஒரு கோடு..."

"கோடா சார்? படுத்த கோடா, நிக்கிற கோடா?"

"படுத்த கோடு. மேல இல்ல, கீழ இல்ல, நடுவுல..."

நான் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். 2010 தீபாவளி வரைக்கும்தான் அந்தச் சிரிப்பு.

தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும். பெங்களூரிலிருந்து ஒரு அம்மா போன். எடுத்த எடுப்பிலேயே திட்டு. மூணு கிலோ ஆர்டர் பண்ணினாராம், வந்தது புளித்துப் போயிருந்ததாம், சம்பந்தி வீட்டு முன்னால் மானம் போய்விட்டதாம். அப்பா ஆர்டர் நோட்டை முன்னேயும் பின்னேயும் புரட்டுகிறார். அப்படி ஒரு பேரே இல்லை. "இல்லம்மா, நாங்க அனுப்பலையே" என்றால், "உங்க சைட்லதானே சார் போட்டேன், ஊர் பேர், பால்கோவா, டாட் காம்!" என்கிறார்.

புரிந்துவிட்டது. கோடு போடவில்லை. கோடு இல்லாத சைட் வேற ஆளுடையது. எங்கள் கடை நம்பரை யாரோ கொடுத்திருக்கிறார்கள், சைட் பேரை வாயால் சொல்லியிருக்கிறார்கள், அந்த அம்மா காதில் விழுந்ததைத் தட்டியிருக்கிறார்.

அப்பா விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "அட்ரஸ் சொல்லுங்கம்மா" என்று எழுதிக்கொண்டு, அன்றைக்கே ஒரு கிலோ கட்டி அனுப்பினார். காசு வாங்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

கோபத்தில் நான் கேஸ் போடலாமா என்றெல்லாம் தேடினேன். டொமைன் பேருக்கும் டிரேட் மார்க் மாதிரியே பாதுகாப்பு உண்டு என்று நம் சுப்ரீம் கோர்ட் 2004-லேயே சொல்லியிருக்கிறது. 'சிஃபி' கம்பெனி, கிட்டத்தட்ட அதே பேரில் வந்த இன்னொரு கம்பெனி மேல் போட்ட வழக்கு அது. சிஃபிதான் ஜெயித்தது. ஆனால், 'சிஃபி' என்பது அவர்களே தங்கள் கம்பெனிப் பேரிலிருந்து உருவாக்கிய வார்த்தை. நான் வைத்தது என்ன? ஒரு ஊர், ஒரு ஸ்வீட். ரெண்டும் எல்லாருக்கும் பொது. கோடு இல்லாதவர் என்னைப் பார்த்து "நீதான்யா என்னைக் காப்பியடிச்சே" என்று சொன்னால் அதிலும் நியாயம் இருக்கிறது. எங்களுடையது என்று சொல்லிக்கொள்ள அந்தப் பேரில் இருந்தது ஒரே ஒரு படுத்த கோடுதான்!

2011 ஐப்பசியில் அப்பத்தா போய்விட்டது.

நான் அப்போது சென்னையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சைட்டைத் திரும்பிப் பார்க்கவே மனசில்லை. 2012 செப்டம்பர் கடைசியில் ஆபீஸில் ஒரே பேச்சு. தேடும் வார்த்தையையே பேராக வைத்துக்கொண்டு உள்ளே உருப்படியாக எதுவும் இல்லாத சைட்களைக் கீழே இறக்கப்போகிறோம் என்று கூகுளின் மேட் கட்ஸ் அறிவித்திருந்தார். அமெரிக்காவின் இங்கிலீஷ் தேடல்களில் நூற்றுக்கு 0.6 பங்கைத்தான் பாதிக்கும் என்றார்கள். இருந்தாலும் வயிற்றில் புளி கரைத்தது. எங்கள் சைட்டில்தான் உருப்படியாக என்ன இருந்தது? மின்னும் நட்சத்திரம்!

அன்று ராத்திரி, வெப்மாஸ்டர் டூல்ஸைத் திறந்தேன். எந்த வார்த்தையைத் தேடி நம் சைட்டுக்கு ஆட்கள் வந்தார்கள் என்று கூகுள் காட்டும் இடம் அது. (இப்போது அதன் பேர் சர்ச் கன்ஸோல்.) மேலே எதிர்பார்த்ததுதான். ஊர் பேர், பால்கோவா, ரெண்டும் விதவிதமான ஸ்பெல்லிங்கில். கீழே இறங்க இறங்க...

அப்பத்தா பேர்.

இசட்-எச் போட்டு ஒன்று. எல் போட்டு ஒன்று. டபுள் எல் போட்டு ஒன்று. 'அம்மாள்' கடைசியில் எல் விட்டு ஒன்று. 'பாட்டி பால்கோவா' என்று சேர்த்து ஒன்று. எண்ணினேன், ஏழு விதம். எப்போதோ கோயிலுக்கு வந்து தாம்பாளத்திலிருந்து வாங்கித் தின்றவர்களோ, பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறுவதற்கு முன்னால் ரெண்டு டப்பா கட்டிக்கொண்டு போனவர்களோ, யாரோ. அவர்களுக்கு ஊரில் உள்ள எல்லாக் கடையும் வேண்டாம், அந்த ஒரு கடைதான் வேண்டும். போட்டோவுக்குக் கீழே இருந்த அந்த ஒத்தை வரியைப் பிடித்துக்கொண்டு எங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

மாசத்துக்கு நாற்பது, ஐம்பது பேர்தான். ஊர் பேரைத் தேடி வந்தவர்கள் அதைப்போலப் பல மடங்கு. அதை மறைக்கவில்லை. ஆனால், ஊர் பேரைத் தேடுகிறவர் பத்து கடை பார்ப்பார், விலை கேட்பார், போவார். அப்பத்தா பேரைத் தேடி வந்தவர் எத்தனை கிலோ என்று மட்டும்தான் கேட்பார்.

ஏழு ஸ்பெல்லிங்கும் சரியாக எங்களிடம் வந்ததுதான் எனக்கு அடுத்த பாடம். தப்பாக அடித்தாலும் கூகுள், "இதைத்தானே கேட்டீங்க?" என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டுவிடும். பிரவுசரில் மேலே இருக்கிறதே அட்ரஸ் பார், அது அப்படி இல்லை. ஒரு எழுத்து, ஒரு கோடு மாறினாலும் வேறொருத்தர் வீட்டு வாசல்தான். நானோ மன்னிக்கிறவனுக்குப் பயந்துகொண்டு 36 ஸ்பெல்லிங் எழுதிப் பார்த்தேன், மன்னிக்காதவனைக் கண்டுகொள்ளவே இல்லை. ஊரும் ஸ்வீட்டும் இருக்கவேண்டிய இடம் பக்கத்தின் தலைப்பு, சைட்டுக்குள் எழுதும் விஷயம், மேப்பில் கடையைக் குறிக்கும் இடம். டொமைன் பேரில் வார்த்தை இருப்பதால் ரேங்க்கில் பெரிதாக எதுவும் நடந்துவிடாது என்று கூகுளே இப்போது தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது.

பேரை மாற்றுவதென்று முடிவு. கம்ப்யூட்டரை மூடிவிட்டு, போனில் பேர் வைத்தோம். நான் சென்னையிலிருந்து ஒரு பேரை ஒரே ஒரு தடவை சொல்லணும், அப்பா அதை இங்கிலீஷில் எழுதணும். தப்பாக எழுதினால் பேர் அவுட்! ஜெஃப் பெசோஸ் 1994-ல் தன் கம்பெனிக்கு முதலில் வைத்த பேர் 'கடாப்ரா'. வக்கீலுக்கு அது போனில் 'கடாவர்' என்று கேட்டதாம். இங்கிலீஷில் பிணம்! அப்புறம்தான் 'அமேசான்'. அவருக்கே அந்த நிலைமை என்றால் எங்களுக்கு?

"தமிழ்லயே வெச்சிட்டா ஸ்பெல்லிங் தொல்லையே இல்லையே?" என்றார் அப்பா. நல்ல கேள்வி. '.இந்தியா' என்று தமிழ் எழுத்திலேயே முடியும் பேர்களும் உண்டு. ஆனால், அதை ஒரு மெயிலில் ஒட்டினால் சில சமயம் 'எக்ஸ்.என்.' என்று ஆரம்பிக்கும் வாய்க்குள் நுழையாத எழுத்துக் கூட்டமாக மாறி நிற்கும். கம்ப்யூட்டர் உள்ளுக்குள் அதை அப்படித்தான் எழுதி வைத்துக்கொள்கிறது. எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

அப்பத்தா பேர் எட்டு தடவையும் போன் பரீட்சையில் பாதி பாஸ்! அப்பா நாலு தடவை இசட்-எச், நாலு தடவை எல். அந்த 'ழ'தான். சரி என்று ரெண்டையுமே வாங்கினேன். எல் போட்டு அடித்தால், தானாகவே இசட்-எச் சைட்டுக்கு வந்துவிடும். பழைய கோடு போட்ட பேரையும் புதுசுக்குத் திருப்பிவிட்டேன், தெரிந்தவர்கள் தொலைந்து போய்விடக்கூடாதே.

இங்கே ஒரு திகில். திருப்பிவிடலாம் என்று போய்ப் பார்த்தால் பழைய பேர் காலாவதியாகி மூணு வாரம்! காலேஜ் காலத்து யாகூ ஐடியில் பதிவு பண்ணியிருந்தேன். 'பணம் கட்டு, பணம் கட்டு' என்று அங்கே மெயில் குவிந்து கிடக்கிறது. நல்லவேளை, கருணைக் காலம் இருந்ததால் வழக்கமான காசோடு தப்பித்தேன். அது தாண்டினால் அடுத்த 30 நாள் அபராதம் கட்டித்தான் மீட்கணும், அப்புறம் அஞ்சு நாளில் பேர் சந்தைக்கு வந்துவிடும், எவன் வேண்டுமானாலும் கொத்திக்கொண்டு போகலாம். மக்களே, மாமா கடைக்கோ ஃப்ரெண்ட் கடைக்கோ பேர் வாங்கிக் கொடுக்கிறீர்களா? கடைக்காரர் தினமும் பார்க்கும் மெயில் ஐடியைக் கொடுங்கள். உங்கள் காலேஜ் ஐடி வேண்டாம்.

2019-ல் எங்கள் ஊர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அன்றைக்கு ஊரே பட்டாசு வெடிக்காத குறைதான். ஊர் பேர் எல்லாக் கடைக்கும் சேர்த்துத்தான் பெருமை என்று அப்பா ஒரு கிலோவை அக்கம்பக்கக் கடைகளுக்கே கொடுத்துவிட்டு வந்தார்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். கல்லாவில் அப்பா. அவருக்கும் இப்போது கண்ணாடி ஏறிவிட்டது. போனில் யாருக்கோ அட்ரஸ் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எங்க அம்மா பேருதான் சார், டாட் காம்... ஆமா, சேர்த்து அடிங்க, கோடெல்லாம் கிடையாது... 'ழ'வுக்கா? இசட்-எச் போட்டாலும் சரி, எல் போட்டாலும் சரி சார். எப்படி அடிச்சாலும் எங்க கடைக்குத்தான் வரும்."