படிக்கட்டில் ஒரு படம்

“ஆறாம் படிவமெல்லாம் வேணாம்மா. எஸ்.பி.எம். முடிச்சதும் மாமாவோட கைப்பேசிக் கடைக்கே போயிடறேன்.”

2019-ஆம் ஆண்டு ஜூலை மாதம், நான் அமெரிக்காவுக்கு விமானம் ஏறுவதற்கு முதல் நாள் இரவு என் மகன் இப்படிச் சொன்னான். அப்போது அவனுக்கு 17 வயது. நான் கத்தினேன். எனக்குத் தெரிந்த பல்கலைக்கழகங்களின் பெயர்களையெல்லாம் வரிசையாகச் சொல்லி, “அங்கெல்லாம் போய்ப் படிக்கிற பிள்ளைங்க உன்னை மாதிரிதானே?” என்று கேட்டேன். அவன் பதில் சொல்லாமல் அறைக்குள் போய்விட்டான். மறுநாள் பினாங்கு விமான நிலையத்தில் என் பெட்டியைத் தூக்கி வைத்தான். அப்போதும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பாயான் லெப்பாஸில் நான் வேலை செய்யும் தொழிற்சாலைக்குப் புதிய சோதனை இயந்திரம் ஒன்று வரவிருந்தது. அதைக் கற்றுக்கொள்ள இரண்டு வாரம் பாஸ்டன் நகருக்கு அனுப்பியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஹார்வர்டைப் பார்க்காமல் போவதா என்று சிவப்புத் தடத்தில் ரயில் ஏறிப் போனேன்.

உள்ளே நுழைந்ததும் எனக்கு ஆச்சரியம். கோடை விடுமுறைதானே, வெறிச்சோடிக் கிடக்கும் என்று நினைத்திருந்தேன். கூட்டம் அலைமோதியது. அதில் பாதிப் பேர் சீனாவிலிருந்து வந்த மாணவர்கள். ஒரே நிறச் சட்டை, முன்னால் கொடி பிடித்த வழிகாட்டி. ஜான் ஹார்வர்ட் சிலையின் இடது காலணியைத் தொட வரிசையில் நின்றார்கள். தொட்டுத் தொட்டு அந்தக் காலணி மட்டும் பொன்னாக மின்னுகிறது. அதைத் தொட்டால் படிப்பு வருமாம்! அந்தச் சிலைக்கு ‘மூன்று பொய்ச் சிலை’ என்று ஒரு பட்டப்பெயரும் உண்டு. பீடத்தில் ‘ஜான் ஹார்வர்ட், நிறுவனர், 1638’ என்றிருக்கும். கல்லூரி தொடங்கியது 1636-இல். அவர் நிறுவனர் அல்லர், கொடையாளர். சிலையில் இருப்பதும் அவர் முகம் இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. பொய்ச் சிலையின் காலைத் தொட்டுப் படம் எடுக்கவா பெற்றோர் பணத்தைக் கொட்டி இத்தனை ஆயிரம் மைல் அனுப்புகிறார்கள்? கொஞ்சம் ஏளனமாகத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு வைடனர் நூலகத்தின் பெரிய படிக்கட்டுப் பக்கம் போனேன். டைட்டானிக் கப்பலோடு மூழ்கிப்போன ஓர் இளைஞரின் நினைவாக அவருடைய தாயார் கட்டிக்கொடுத்த நூலகம் அது. 1915-இல் திறந்தார்கள். சுற்றுலா வந்தவர்கள் உள்ளே போக முடியாது. படிக்கட்டோடு சரி.

அங்கே ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். இருபது வயது இருக்கும். கைப்பேசியில் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள் போலும். அவள் பேசியது மாண்டரின் இல்லை. காதைத் தீட்டிக் கேட்டேன். ஹொக்கியன்!

நான் ஜெலுத்தோங்கில் வளர்ந்தவள். எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் சீனர் வீடுகள். அம்மா மீன் வாங்குவது, நான் ஐஸ் கச்சாங் வாங்கித் தின்றது எல்லாமே ஹொக்கியனில்தான். பினாங்குக்காரர்களுக்கு இது புதிதில்லை. அவள் பேசி முடித்ததும், “லூ சியாக் பா போய்?” என்றேன். சாப்பிட்டாயா என்று அர்த்தம். அந்தப் பெண் என் முகத்தையும் என் நெற்றிப் பொட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

சீனாவின் சியாமென் நகரத்துப் பெண். நான் பேசுவது அவளுடைய பாட்டி பேசுவது போல இருக்கிறதாம். நடுவில் ‘சூக்கா’ என்று நான் சொன்னது மட்டும் அவளுக்குப் புரியவில்லை. அது மலாய் கலந்த எங்கள் பினாங்கு ஹொக்கியன் என்று விளக்கினேன். மிச்சத்தை ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம்.

இரண்டு வாரப் பயணமாம். யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா, இப்போது ஹார்வர்ட், மாலையில் இரண்டு நிறுத்தம் தள்ளி எம்.ஐ.டி. அவளுடைய பெற்றோர் பெரிய பணக்காரர்கள் இல்லை. சின்ன மீ கடை வைத்திருக்கிறார்கள். மனத்தில் இருந்ததைக் கேட்டேவிட்டேன். “வெளியில் நின்று பார்த்துவிட்டுப் போவதில் என்ன இருக்கிறது?”

அவள் கோபப்படவில்லை. “எங்கள் வீட்டில் யாரும் பல்கலைக்கழகம் போனதில்லை. அங்கே பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிற நாற்காலியில் நீயும் உட்கார்ந்து ஒரு படம் அனுப்பு என்று அம்மா சொன்னார். உள்ளே விடமாட்டார்களாம். அதனால்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்” என்றாள். பிறகு தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். நூலகத்தின் தூண்கள் பின்னால் தெரிகிற மாதிரி நான்தான் அவளைப் படம் எடுத்தேன். மடியில் ஒரு புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, படிக்கிற மாதிரி குனிந்துகொண்டாள்.

படம் எடுக்கும்போதே எனக்குத் தொண்டை அடைத்தது. எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டோடு படிப்பு நின்றுபோனது. எனக்குப் பதினைந்து வயது இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, “வா, ஒரு இடத்துக்குப் போவோம்” என்று மஞ்சள் பஸ்ஸில் ஏற்றிக் குளுகோருக்குக் கூட்டிப்போனார். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். 1969-இல் தொடங்கியது. நாட்டின் இரண்டாவது பல்கலைக்கழகம். பழைய பிரிட்டிஷ் ராணுவ முகாம் இருந்த மிண்டன் குன்றில், பெரிய பெரிய மழை மரங்களுக்கு நடுவே இருந்தது. பட்டமளிப்பு விழாச் சந்தை நடந்துகொண்டிருந்த சமயம். எல்லாரும் கடைகளைப் பார்த்தார்கள். அப்பா என்னை ஹம்சா செண்டுட் நூலகத்தின் கண்ணாடிக் கதவுப் பக்கம் கூட்டிப்போனார். உள்ளே போகலாமா என்று நாங்கள் யாரையும் கேட்கவில்லை. அப்பா காலில் ஜப்பான் சிலிப்பர். கண்ணாடி வழியே பார்த்துவிட்டு, “அம்மாடி, எவ்ளோ நாற்காலி பாரு” என்றார். பிறகு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, வாங்கி வந்த நாசி லெமாக்கைப் பிரித்தோம்.

அதற்குப் பிறகு மூன்று வருடம், அந்தச் சந்தைக்குத் தவறாமல் போனோம். அப்பா “படி” என்று ஒரு நாளும் சொன்னதில்லை. 1992-இல் எனக்கு அதே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது, பதிவு நாளில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று நான் யாரிடமும் வழி கேட்கவில்லை.

அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். அவளும் ஒன்று சொன்னாள். 1854-இல் யேலில் பட்டம் பெற்ற யுங் விங் என்பவர்தான் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிய முதல் சீனர். அவர் தூண்டுதலால் 1872 முதல் ஆண்டுக்கு முப்பது பேராக 120 சிறுவர்களைச் சீன அரசு அமெரிக்காவுக்கு அனுப்பியது. 1881-இல் பாதியிலேயே திரும்ப அழைத்துக்கொண்டது. அப்படித் திரும்பியவர்களில் ஒருவர்தான் பின்னாளில் பெய்ஜிங் - சாங்ஜியாகோ ரயில் பாதையைக் கட்டிய பொறியாளர் ஜான் தியான்யூ. நான் அங்கே இருந்த காலத்தில் அமெரிக்காவில் படித்த சீன மாணவர்கள் ஏறக்குறைய 3 லட்சத்து 69 ஆயிரம் பேர். (2023-24-இல் இந்திய மாணவர்கள் 3 லட்சத்து 31 ஆயிரமாகி அவர்களை முந்திவிட்டார்கள்.) நானும் விடவில்லை. எங்கள் பினாங்கில் பிறந்து, ஃப்ரீ ஸ்கூலில் படித்து, 1896-இல் அரசியார் உபகாரச் சம்பளம் வாங்கிக் கேம்பிரிட்ஜ் போன டாக்டர் வூ லியென் தேயைப் பற்றிச் சொன்னேன். மஞ்சூரியாவில் கொள்ளை நோயை அடக்கியவர் என்று அவளுக்கும் அவரைத் தெரிந்திருந்தது. ஆனால் பினாங்குக்காரர் என்று தெரியாதாம்.

அவளுடைய கூட்டம் கிளம்பியது. ஓடிப்போனாள். நான் அந்தப் படிக்கட்டிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். உலகத் தமிழர்கள் 60 லட்சம் டாலர் சேர்த்து ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்குக் கொடுத்த செய்தியை முந்தைய ஆண்டு படித்து எவ்வளவு பெருமைப்பட்டேன்! அதை மகனிடமும் சொல்லியிருந்தேன். ஆனால் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடக் கார்ப் பயணத்தில் இருக்கிற வளாகத்துக்கு அவனை ஒரு முறைகூடக் கூட்டிப்போனதில்லை. பெயர்களைச் சொல்லித் திட்டியதோடு சரி. படிக்காத என் அப்பாவுக்குத் தெரிந்தது, பட்டம் வாங்கிய எனக்குத் தெரியவில்லை.

ஊர் திரும்பிய மறு ஞாயிறு, “வாடா, பசியாறப் போவோம்” என்று சொல்லி மகனைக் குளுகோருக்கு அழைத்துப்போனேன். முதலில் கைப்பேசியை விட்டுத் தலை தூக்கவில்லை. நூலகத்தின் எதிரே வந்ததும், “தாத்தா இங்கதான் உட்கார்ந்தாரா?” என்று கேட்டான். அதே பெஞ்ச் இல்லை. அந்த இடம்தான் என்றேன். சற்றுப் பொறுத்து, “இங்க மின்னியல் எங்கம்மா சொல்லித் தராங்க?” என்றான். பொறியியல் வளாகம் இங்கே இல்லை, நிபோங் தெபாலில் இருக்கிறது என்றேன். “ஆறாம் படிவம் இல்லாமப் படிக்க முடியாதா?” என்றான். அவன் கேட்ட அந்தக் கேள்வியை அதற்கு முன் நான் காது கொடுத்துக் கேட்டதே இல்லை.

இரண்டு வாரம் கழித்துப் பாலம் தாண்டி, பெர்மாத்தாங் பாவில் இருக்கும் செபராங் பிறை பாலிடெக்னிக்குக்குப் போனோம். ஒரு பட்டறையை எங்களுக்குச் சுற்றிக் காட்டினார்கள். கைப்பேசி கழற்றுகிற என் பையன், அங்கே மேசையில் இருந்த அலைகாட்டியை விட்டு நகரவில்லை.

2020-இல் அவன் அங்கே மின்னணுவியல் டிப்ளோமா சேர்ந்தபோது, நடமாட்டக் கட்டுப்பாடு. பாடமெல்லாம் வீட்டுத் திரையில். கூடப் படித்த இரண்டு பேர் பாதியிலேயே விட்டுவிட்டார்கள். ஒரு நாள் இவனும் விட்டுவிடுவானோ என்று பயந்து தேநீரோடு போய் நின்றேன். திரையைப் பார்த்தபடியே, “அந்தப் பட்டறையை ஒரு தடவ பார்த்தது நல்லதாப் போச்சும்மா. இல்லன்னா இதெல்லாம் வெறும் படம் மாதிரிதான் இருக்கும்” என்றான்.

இப்போது வேலையில் இருக்கிறான். நான் ஆசைப்பட்ட பல்கலைக்கழகப் பட்டத்தை அவன் வாங்கவில்லை. வாங்குவேன் என்கிறான், பார்ப்போம். மாமா கடைக்கும் சனிக்கிழமை போகிறான்.

அந்தச் சியாமென் பெண்ணின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவளுடைய அம்மாவுக்கு நான் எடுத்த படம் போய்ச் சேர்ந்திருக்கும். என் அப்பாவிடம் கேமரா இருந்ததில்லை. அந்தக் கண்ணாடிக் கதவு முன்னால் அவர் நின்ற படம் எங்கள் வீட்டில் கிடையாது. இந்த ஆண்டு விழாச் சந்தைக்கு என் தங்கை பிள்ளைகளைக் கூட்டிப்போகிறேன். நாசி லெமாக் நான் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.