கரகரப்பு எப்போது வருகிறது?

கோடை வந்தால் சித்தூர்ப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் தொடங்கிவிடும். பகலில் அரிகதை, இரவில் கூத்து, கடைசி நாள் படுகளம், சாயங்காலம் தீமிதி. பல ஊர்களில் 18 நாள். அதே கோடையில் திருப்பதியில் கங்கையம்மன் ஜாத்திரை. மைக்செட்காரர்களின் பழைய ஆம்பிளிபயர்கள் வரிசையாக என் ரிப்பேர் மேசைக்கு வரும் பருவம் இது. புகார் ஒன்றுதான்: "அண்ணா, சவுண்டு கரகரன்னு வருது."

எப்போது வருகிறது என்று திருப்பிக் கேட்பேன். மெதுவாக வைத்தாலா, கூட்டினாலா? போட்டவுடனா, சூடேறிய பிறகா? வீட்டிலுமா, திருவிழாப் பந்தலில் மட்டுமா? பதில் வாங்காமல் மூடியைக் கழற்றுவதில்லை. வேறு ஸ்பீக்கர், வேறு மைக் மாட்டிப் பார்த்ததிலேயே தீர்ந்துபோன கேஸ்கள் எத்தனையோ.

பந்தலில் மட்டும் வந்தால் முதலில் கரண்டைப் பார்க்க வேண்டும். சீரியல் லைட்டு, டியூப்லைட்டு, சாமி அலங்காரம் எல்லாம் ஒரே லைனில் தொங்கும்போது 230 வோல்ட் 190-க்கு இறங்கிவிடும். பழைய செட்டின் பவர் சப்ளையில் ரெகுலேட்டர் கிடையாது. உள்ளே இருக்கும் டி.சி.யும் அதே விகிதத்தில் இறங்கும். பவர் வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பக் குறைவதால், 100 வாட் செட் ஏறத்தாழ 68 வாட் செட்டாகிவிடும். சத்தம் போதவில்லை என்று வால்யூமை ஏற்றுகிறார்கள். அலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரக்கிறது. செட்டில் பழுதே இல்லை. இதற்கு டிரான்சிஸ்டர் மாற்றிக் காசு வாங்குவது பாவம்.

மெதுவாக வைக்கும்போது வருவது வேறு நோய். விடியற்காலையில் கோயிலில் எம்.எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதம், 1963 பதிவு, ஊரை எழுப்பாத அளவில் ஓடும். சின்னச் சத்தம். பயஸ் குறைந்த செட் அங்கே மாட்டிக்கொள்ளும். அலையின் மேல்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியை இன்னொன்றும் சுமக்கின்றன. விழித்துக்கொள்ள ஒவ்வொன்றுக்கும் 0.6 வோல்ட் அளவு வேண்டும். அதை முன்கூட்டியே கொடுத்து வைப்பதுதான் பயஸ். அது குறைந்தால் கைமாறும் இடத்தில் குரல் அறுபடும். சத்தம் கூடினால் அறுபட்ட இடம் மறைந்துவிடும். போட்டவுடன் கரகரத்து, சூடேறியதும் தெளிந்தால் சந்தேகமே வேண்டாம்.

பார்க்கும் முறை: சிக்னல் கொடுக்காமல், எமிட்டர் ரெசிஸ்டரின் இரு முனையிலும் மீட்டரை வைக்க வேண்டும். 0.33 ஓம்ஸில் 10 மில்லிவோல்ட் காட்டினால் 30 மில்லியாம்ப் ஓடுகிறது, நல்லது. பூஜ்யம் காட்டினால் பயஸை அமைக்கும் பிரீசெட்டைத்தான் பிடிக்க வேண்டும். இருபது வருடத் தூசி அதில்தான் குடியிருக்கும். துடைத்துத் திருப்புவதைவிடப் புதிதாகப் போடுவது மேல். போட்ட பிறகு பயஸ் குறையும் பக்கம் முழுக்கத் திருப்பி வைத்து, 60 வாட் சீரீஸ் பல்பு வழியாகக் கரண்ட் கொடுக்கணும். பல்பு ஒரு நொடி பளிச்சிட்டு மங்கினால் சரி. மங்காமல் எரிந்தால் உடனே ஆஃப். மங்கிய பிறகு மீட்டரைப் பார்த்தபடி பயஸை மெல்ல அந்த 10 மில்லிவோல்ட்டுக்கு ஏற்றணும்.

அவுட்புட்டில் டி.சி. 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்கட்டும். அரை வோல்ட் இருந்தால் ஸ்பீக்கரை மாட்டாதே.

ஹம்மோடு சேர்ந்து வரும் கரகரப்பு பெரும்பாலும் பில்டர் கண்டென்சர். 100 ஹெர்ட்ஸ் என்றால் அதுவேதான். 50 ஹெர்ட்ஸ் என்றால் எர்த், ஷீல்டு ஒயர். பெட்டிக்குள் பத்து டிகிரி சூடு கூடினால் கண்டென்சரின் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. வெயில் 40-ஐத் தாண்டும் ஊர் இது. 85 டிகிரி வகையை விட்டு 105 டிகிரி வகையை வாங்குவதே லாபம்.

இப்போது கஷ்டமான விஷயம். பழைய செட்டில் 2என்3055 டிரான்சிஸ்டர் போயிருந்தால் அதே நம்பரைத்தான் போடுவோம். அறுபதுகளில் ஆர்.சி.ஏ. கொண்டுவந்த பழைய வகை மெதுவானது. இன்று அதே பெயரில் விற்பது உள்ளமைப்பு மாறிய, வேகமான வகை. மெதுவானதை நம்பிக் கட்டிய சர்க்யூட், வேகமானதைப் போட்டதும் காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் தானாக ஊசலாடத் தொடங்கலாம். நமக்குக் கேட்பது கரகரப்பு மட்டும்தான்; பாட்டே ஓடாதபோதும் ஹீட்சிங்க் கொதிக்கும். அவுட்புட்டில் 0.1 மைக்ரோபாரட்டோடு சேர்ந்திருக்கும் 10 ஓம்ஸ் ரெசிஸ்டரைப் பார். கருகியிருந்தால் இதுதான் கதை. அந்த இரண்டையும் புதிதாக மாற்றி, ஆசிலோஸ்கோப்பில் அலை சுத்தமாக வருகிறதா என்று பார்த்த பிறகே மூடியைப் போடணும். போலி டிரான்சிஸ்டர் வேறு தனித் தொல்லை: முத்திரை அழகாக இருக்கும், உள்ளே சில்லு சின்னதாக இருக்கும், கூத்து உச்சத்துக்குப் போகும்போது வெடிக்கும். தெரிந்த கடையில் மட்டும் வாங்கு.

வேலை முடிந்ததும் பயஸ் எத்தனை மில்லிவோல்ட், அவுட்புட் டி.சி. எவ்வளவு, என்ன தேதி என்று மூடியின் உட்பக்கம் மார்க்கரில் எழுதிவிடுகிறேன். அடுத்து யார் திறந்தாலும், எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும்.