பார்க்க சாதாரணமா இருக்கணும்... ஆனா பஸ்ஸை முந்தணும்! - நாலு லட்சத்தில் ஒரு கார் வேட்டை

வெள்ளை நிறம். ஸ்பாய்லர், ஸ்டிக்கர் எதுவும் கூடாது. ஏ.சி போட்டுக்கொண்டு நாலு பேரோடு பஸ்ஸை முந்த வேண்டும். 4 லட்சத்துக்கு மேல் ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது.

கோவை சிங்காநல்லூரில் வசிக்கும் அந்த 32 வயதுக்காரர், பழைய கார் தேட ஆரம்பித்த அன்று மொபைலில் குறித்துவைத்த நிபந்தனைகள் இவை. பம்ப்செட் கம்பெனி ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. மனைவி பள்ளி ஆசிரியை. மூன்று வயதில் ஒரு மகள். மாதம் இரண்டு முறை தாராபுரம் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வர வேண்டும். சில மாதங்களில் அம்மாவையும் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவர வேண்டியிருக்கும்.

முதல் இரண்டு நிபந்தனைகளும் மச்சானுக்காக. மனைவியின் அண்ணனிடம் ஒன்றரை லட்ச ரூபாய் கடன் பாக்கி இருக்கிறது. மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கியது. மச்சான் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதுதான் சிக்கலே. சிவப்புக் கலரில் பளபளவென்று ஒரு வண்டி வாசலில் நின்றால், அடுத்த விசேஷத்தில் யாராவது ஒருவர் சிரித்துக்கொண்டே ஏதாவது சொல்வார்கள். அதை மனைவிதான் தாங்கிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது நிபந்தனை மனைவியே போட்டது. வேகம் என்றாலே பிடிக்காதவர் அவர். ஸ்பீடோமீட்டர் 80-ஐத் தொட்டால் "என்னங்க..." என்று ஆரம்பித்துவிடுவார். ஆனாலும் பிக்கப் உள்ள வண்டி வேண்டும் என்றார். காரணம், வீட்டில் இருந்த 800 சிசி ஆல்டோ.

அந்தக் கார் மோசமான கார் இல்லை. 48 குதிரைத்திறன், 69 நியூட்டன் மீட்டர் டார்க். ஊருக்குள் ஓட்ட இதைவிடச் சிக்கனமான வண்டி கிடைப்பது கஷ்டம். ஆனால், பல்லடம் தாண்டி தாராபுரம் போகும் இருவழிச் சாலையில், நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஒரு பஸ்ஸை முந்தப் போனால் கதை வேறு. முதலில் ஏ.சி-யை அணைக்க வேண்டும். பிறகு கியரைக் குறைக்க வேண்டும். பிறகு மிதிக்க வேண்டும். அதற்குள் எதிரே ஒரு லாரி தெரியும். திரும்பவும் பஸ்ஸின் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒருமுறை பஸ்ஸுக்குப் பக்கத்தில் பாதி தூரம் போன பிறகு லாரி தெரிந்தது. அன்று பஸ் டிரைவர் பிரேக் போட்டு இடம் விட்டார். வீடு வரும்வரை மனைவி எதுவுமே பேசவில்லை.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். மணிக்கு 80 கி.மீ வேகத்தில் போகும் கார், ஒரு நொடியில் சுமார் 22 மீட்டர் கடக்கிறது. எதிரே வரும் வண்டியும் அதே வேகம் என்றால், ஒவ்வொரு நொடிக்கும் இரண்டுக்கும் நடுவே 44 மீட்டர் சாலை காணாமல் போகிறது. முந்துவதற்கு மூன்று நொடி அதிகம் எடுக்கும் வண்டிக்கு, 130 மீட்டர் கூடுதலாகக் காலியான சாலை வேண்டும். டாப் ஸ்பீடு எவ்வளவு என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 50-லிருந்து 80-க்கு எவ்வளவு சீக்கிரம் போகிறது என்பதுதான் விஷயம்.

அவருக்கு வண்டிப் பைத்தியம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். கல்லூரிக் காலத்தில் செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ரேஸ் பார்ப்பதற்காகவே வகுப்பைக் கட் அடித்தவர். மனைவி சொன்ன அந்த ஒரு வரியை, வெகு நாளாகக் காத்திருந்த அனுமதிச் சீட்டு மாதிரி எடுத்துக்கொண்டார்.

பார்க்க சாதுவாகவும் மிதித்தால் பறப்பதாகவும் இருக்கும் கார்களை, கார் பிரியர்கள் 'ஸ்லீப்பர்' என்பார்கள். (படுத்துக்கொண்டு போகும் ஆம்னி பஸ் இல்லை, இது தூங்குவது போல நடிக்கும் கார்.) இந்தியாவில் அப்படிப்பட்டவை கொஞ்சம் உண்டு. 2017-ல் வந்த மாருதி பலேனோ ஆர்.எஸ் அதில் ஒன்று. ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல், 102 குதிரைத்திறன், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். சாதாரண பலேனோ பக்கத்தில் நிறுத்தினால் கண்டுபிடிக்கவே ஒரு நிமிடம் ஆகும். அவர் கேட்ட இடங்களிலெல்லாம் விலை 5 லட்சத்துக்கு மேல் சொன்னார்கள். கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் சேர்ந்து 2018-ல் கொண்டுவந்த டியாகோ ஜே.டி.பி இன்னொன்று. 114 குதிரைத்திறன். உள்ளூர்ப் பெருமை வேறு. ஆனால், பானெட்டில் காற்றுத் துளைகளும் அங்கங்கே சிவப்பும் இருப்பதால், மச்சான் நிபந்தனையில் அடிபட்டுவிட்டது. தேடினாலும் சுலபத்தில் கிடைக்காத வண்டி அது.

முதலில் நேரில் பார்த்தது ஒரு 2010 ஹோண்டா சிட்டி. 118 குதிரைத்திறன். பேப்பரில் பார்த்தால் இதுதான் ஜெயிக்க வேண்டும். ஆனால், அந்த இன்ஜின் தன் முழு பலத்தைக் காட்டுவது 6,600 ஆர்.பி.எம்-மில். அதாவது, இரண்டு கியர் இறக்கி, கத்தவிட்டால்தான் பறக்கும். டெஸ்ட் டிரைவில் அவர் கத்தவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. பின் சீட்டில் மகள் காதைப் பொத்திக்கொண்டாள். "வண்டி நல்லாத்தான் இருக்குங்க. ஆனா ஒவ்வொரு பஸ்ஸுக்கும் இப்படிச் சத்தம் போடுமா?" என்றார் மனைவி. அதோடு முடிந்தது.

அடுத்தது ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி டி.எஸ்.ஐ. அவிநாசி ரோட்டில் ஒரு கன்சல்டிங்கில் நின்றது. சாம்பல் நிறம், 2014 மாடல், விலை 3.90 லட்சம். 1.2 லிட்டர் டர்போ, 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர், ஏழு கியர் டி.எஸ்.ஜி ஆட்டோமேட்டிக். அதற்குள் உட்கார்ந்த நிமிடமே அவர் விழுந்துவிட்டார் என்பது மனைவிக்குத் தெரிந்துவிட்டது. வெளியே இருந்து பார்த்தால் சின்ன கார். மிதித்தால் சத்தமே இல்லாமல் முதுகை சீட்டோடு அழுத்துகிறது. பிக்கப்பும் விலையும் பாஸ்.

நல்லவேளையாக, அவர் கூடவே ஒரு மெக்கானிக்கையும் கூட்டிப்போயிருந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய அந்த மெக்கானிக் வாயைத் திறப்பதற்கு முன்னால் செய்த முதல் வேலை, பானெட் மேல் கையை வைத்துப் பார்த்ததுதான். சூடாக இருந்தது.

"நாம வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்காங்க தம்பி. ராத்திரி முழுக்க நின்ன வண்டி காலைல எப்படிக் கிளம்புது, என்ன சத்தம் போடுது, என்ன புகை விடுதுன்னு பார்த்தாத்தான் பாதி ஜாதகம் தெரியும். இப்ப அது தெரியாது."

டிராஃபிக்கில் இருபது நிமிடம் ஓட்டிய பிறகு, முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது வண்டி லேசாக உதறியது. ஒரே ஒரு முறை. அவர் அதைக் கவனிக்காத மாதிரி இருந்தார். மெக்கானிக் கவனித்தார். இந்த கியர்பாக்ஸுக்குள் மெக்கட்ரானிக் என்று ஒரு யூனிட் உண்டு. கியர் மாற்றும் மூளையும் கையும் அதுதான்.

"அது போச்சுன்னா எவ்வளவுங்ணா ஆகும்?" என்று கேட்டது மனைவி.

"லட்சத்தைத் தாண்டலாம் கண்ணு. போகாமலும் இருக்கலாம். அதை நான் சொல்ல முடியாது."

பட்ஜெட்டில் மீதி இருந்ததே பத்தாயிரம் ரூபாய். சீட்டு எடுத்த 2.75 லட்சம், மனைவி சேர்த்துவைத்த 1.25 லட்சம், இவ்வளவுதான் மொத்தக் கையிருப்பு. அந்த வாரம் முழுக்க அவர் போலோவைப் பற்றி மட்டுமே யோசித்தார். எதுவும் ஆகாது என்று சொல்லும் வீடியோக்களைத் தேடித் தேடிப் பார்த்தார். பழைய கார் வாங்குகிற எல்லோருக்கும் வரும் காய்ச்சல்தான் இது. பிடித்த வண்டிக்கு ஆதரவான சாட்சிகள் மட்டுமே கண்ணில் படும்.

வெள்ளிக்கிழமை இரவு மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அந்தச் செலவு வந்தா, திரும்ப எங்க அண்ணன்கிட்டயா கேப்பீங்க?"

போலோ அன்றோடு போனது.

ஃபோர்டு ஆஸ்பையரைச் சொன்னது மெக்கானிக்தான். ஆஸ்பையரா என்று அவர் முகம் சுளித்தார். நாலு மீட்டருக்குள் அடங்கும் குட்டி செடான், அதுவும் வெள்ளை. ஏர்போர்ட் வாசலில் வரிசையில் நிற்கும் வண்டி மாதிரியே இருக்கும். ஆனால், அதன் 1.5 லிட்டர் டீசல் இன்ஜின் 100 குதிரைத்திறன் கொண்டது. டார்க் 215 நியூட்டன் மீட்டர். அந்த டார்க் முழுவதும் 1,750 ஆர்.பி.எம்-மிலேயே வந்துவிடுகிறது. வண்டி எடையோ ஏறக்குறைய ஒரு டன்தான். அதே காலத்து டீசல் ஸ்விஃப்டுக்கு 75 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர். இருந்தும் சந்தையில் ஸ்விஃப்டுக்குத்தான் விலை அதிகம். 2021 செப்டம்பரில் ஃபோர்டு, இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்ததே அதற்கு முக்கியக் காரணம். மறைமலை நகர் ஆலையைப் பற்றிய செய்திகள் நினைவிருக்கும். கம்பெனியே போய்விட்டது என்ற பயத்தில் வாங்குபவர்கள் ஒதுங்க, விலை இறங்கியது. சர்வீஸும் ஸ்பேர் பார்ட்ஸும் தொடர்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. குறைந்த பட்ஜெட்காரர்களுக்கு வேகமான கார் கிடைப்பது பெரும்பாலும் இப்படித்தான், மற்றவர்கள் திரும்பிப் பார்க்காத மூலையில்.

ஈரோட்டில் ஓய்வுபெற்ற ஒருவரிடம் இருந்தது அந்த வண்டி. 2016 மாடல், முதல் ஓனர், 68,000 கி.மீ. காலை ஏழு மணிக்கே போய் நின்றார்கள். பானெட் ஜில்லென்று இருந்தது. ஒரே தட்டில் ஸ்டார்ட். மெக்கானிக் ஆயில் மூடியைத் திறந்து புகை வருகிறதா பார்த்தார். டர்போவிலிருந்து போகும் பைப்பின் முனையில் விரல் விட்டு எண்ணெய் கசிகிறதா பார்த்தார். கதவு ஓரத்து ரப்பரை விலக்கி, வெல்டிங் புள்ளிகள் கம்பெனியில் வைத்தபடியே இருக்கின்றனவா, இல்லை டிங்கர் வேலை பார்த்து பட்டி போட்டிருக்கிறதா என்று தடவினார். டயரின் பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கங்களைப் படித்தார். 2316. அதாவது 2016-ன் 23-வது வாரத்தில் செய்த டயர். "வண்டியோட வந்த டயரே இன்னும் ஓடுது. பட்டன் இருந்தாலும் ரப்பர் செத்துப்போச்சு. நாலும் மாத்தணும்" என்றார். மீட்டர் சொல்லும் கிலோமீட்டரும் சர்வீஸ் பில்களும் வருஷாவருஷம் ஒத்துப்போயின.

பேப்பர் வேலை அவருடையது. தரக்கட்டுப்பாட்டு மனிதர் என்பதால் இதில் குறை வைக்கவில்லை. ஆர்.சி-யில் பேங்க் லோன் பதிவு நீக்கப்பட்டிருக்கிறதா, டாக்ஸியாக ஓடி பிறகு சொந்த வண்டியாக மாற்றியதா, அபராதச் சலான் பாக்கி உண்டா என்று எல்லாம் பரிவாகன் தளத்தில் பார்த்தார். சொந்தக் காருக்குப் பதிவு 15 வருடம் என்பதால், 2031 வரை கவலையில்லை. ஃபார்ம் 29, 30-ல் கையெழுத்து. இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு வராது, அது அவருக்கே சொந்தம். பலர் இதைக் கணக்கில் எடுக்காமல் விட்டு, கடைசியில் கூடுதல் பிரீமியத்தைப் பார்த்து விழிக்கிறார்கள்.

வண்டியை ஓட்டிப் பார்த்தபோது நாலாவது கியரில் 50-ல் போய்க்கொண்டிருந்தார். முன்னால் ஒரு டிப்பர். கியரை மாற்றவில்லை, ஏ.சி-யை அணைக்கவில்லை, வலது காலை மட்டும் அழுத்தினார். இன்ஜின் குரலை உயர்த்தாமலே வண்டி நகர்ந்து, டிப்பரைக் கடந்து, இடப்பக்கம் வந்து சேர்ந்தது. பின் சீட்டில் மனைவி மகளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். முந்தியதையே அவர் கவனிக்கவில்லை.

3.60 சொன்னார்கள், 3.30-க்கு முடிந்தது. மிச்சம் இருந்த 70,000 ரூபாய்க்கு அவர் மனதில் அலாய் வீல் ஓடியது. இன்ஜின் கம்ப்யூட்டரை ரீமேப் செய்தால் இன்னும் இருபது குதிரை வரும் என்று நண்பர் ஒருவர் ஆசை காட்டினார். மெக்கானிக் சம்மதிக்கவில்லை. "மொதல்ல டைமிங் பெல்ட் மாத்து. அது அறுந்தா வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போயிரும். அப்புறம் டயர். அப்புறம் பிரேக். வேகமாப் போற வண்டி வேகமா நிக்கணுமில்ல?" ரீமேப் செய்தால் இன்ஷூரன்ஸ் கிளெய்மில் சிக்கல் வரும் என்பதை அவரே படித்துத் தெரிந்துகொண்டார். பெல்ட், வாட்டர் பம்ப், நான்கு டயர், பிரேக் பேட், எல்லா ஆயிலும், பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ் என்று 64,000 ரூபாய் ஆனது. ஆசைக்கு என்று அவர் வாங்கிக்கொண்டது ஒரு நல்ல ஸ்டீயரிங் கவர் மட்டும்.

கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம், 2017-ல் குளோபல் என்.சி.ஏ.பி நடத்திய மோதல் சோதனையில் ஆஸ்பையர் மூன்று நட்சத்திரம் வாங்கியது. இன்றைய ஐந்து நட்சத்திரக் கார்களோடு ஒப்பிட்டால் சுமார்தான். மகளுக்கான சைல்டு சீட்டை மனைவி தன் அடுத்த சம்பளத்தில் வாங்கினார்.

அடுத்த மாதம் ஒரு காதுகுத்துக்கு அந்த வண்டியில் போய் இறங்கினார்கள். மண்டப வாசலில் நின்ற மச்சான், காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"என்ன மாப்ள, டாக்ஸி புடிச்சா வந்தீங்க?"

"இல்லைங்க மச்சான், நம்முளுதுதான். பழசு."

"டீசலா? தாராபுரம் போய்ட்டு வர ஆகும், போதும்" என்று தட்டிக்கொடுத்துவிட்டு, சாப்பிட அழைத்துப்போனார். சீட்டுப் பணம் கட்டி முடிந்துவிட்டதால், மாதம் பத்தாயிரமாகத் தந்துவிடுவதாகப் பந்தியில் உட்கார்ந்தபோது இவர் சொன்னார். மச்சான் இலையில் தண்ணீர் தெளித்தபடியே, "அதுக்கென்ன அவசரம்" என்றார். முதல் தவணையை அன்றைக்கே கையில் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார்கள்.

திரும்பி வரும் வழியில் மூன்று பஸ், ஒரு கரும்பு லோடு லாரி. மகளும் மனைவியும் பல்லடம் வரும்வரை தூங்கிக்கொண்டு வந்தார்கள்.