பிற்பாட்டுக்காரர் எங்கே?

பாசையூரில் முதிய அண்ணாவியார் ஒருவரின் நாட்டுக்கூத்துப் பாடல்களைப் பதிவு செய்யச் சென்றபோது, எந்த மென்பொருளைக் கைக்கொள்வது என்பது இத்துணைச் சங்கடமான கேள்வியாகுமென நான் எண்ணவில்லை.

என் மடிக்கணினியில் ஓடாசிற்றி இருந்தது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அந்த மென்பொருள் இலவசமானது. ஒரு மூதாட்டியின் ஒப்பாரியை ஒற்றை ஒலிவாங்கியாற் பதிந்து, இரைச்சலைத் தணித்து, வேண்டாதனவற்றை வெட்டுவதற்கு அதுவே போதும். கூத்துக்கோ போதவில்லை. மத்தளம் அண்ணாவியாரின் குரலை விழுங்கிற்று; ஒரே தடத்திற் கலந்துவிட்டவற்றைப் பின்னர் பழுதின்றிப் பிரித்தல் எளிதன்று.

உடன் வந்த இளைஞர் பல்தட ஒலிப்பதிவு மென்பொருளே வேண்டுமென்றார். விலையுயர்ந்தவற்றின் திருட்டுப் பிரதிகள் நம்மூரிலே தாராளம். எனினும், மூலநிரல் திறந்திருக்கும் ஆடர் உள்ளபோது அந்த வழி எதற்கு? நான்கு ஒலிவாங்கிகளை இணைக்கும் கருவியொன்றை இரவல் பெற்றோம். 48 கிலோஹேட்ஸ், 24 பிற் அளவில் நான்கு தடங்கள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 35 மெகாபைற் கொள்ளும். ஆறு மணி நேரக் கூத்தாயின் 12 கிகாபைற்றுக்கு மேல். வட்டுக்கும் பணம் வேண்டுமல்லவா?

முதலில் ஒருவர்பின் ஒருவராகப் பதிய முயன்றோம். சினிமாப் பாடல்களுக்கு இன்று அதுவே வழக்கம். அண்ணாவியாரோ ஹெட்போனில் மத்தளத்தைக் கேட்டுப் பாட மறுத்தார். பிற்பாட்டு எடுப்பார் இல்லாதபோது அவர் பாடிய அடி அந்தரத்தில் நின்றது. ஆகவே எல்லோரையும் ஒரே முற்றத்தில் இருத்தி, அவருக்கும் மத்தளத்துக்கும் சல்லரிக்கும் ஒவ்வோர் ஒலிவாங்கியும், பிற்பாட்டுக்காரர் மூவருக்கும் சேர்த்து ஒன்றும் வைத்து, ஒரே வேளையிற் பதிந்தோம்.

பல்தடத்தின் ஆபத்தும் அதன் பின்னரே விளங்கிற்று. தடங்களைக் கலக்கும்போது இளைஞர் பிற்பாட்டைத் தணித்தார். கேட்பதற்கு நேர்த்தியாகத்தான் இருந்தது. ஆனால், கடலில் வலை இழுத்துவிட்டு வந்து தொண்டை கரகரக்கப் பாடிய மனிதரை ஒரு விரலசைவாற் பின்தள்ளும் உரிமையை எமக்கு யார் தந்தது? (ஒற்றை ஒலிவாங்கியும் நடுநிலையானதன்று, அருகில் இருப்பவர் பக்கமே அது சாயும்.)

மூலத் தடங்கள் நான்கையும் எவரும் தொடாத வேவ் கோப்புகளாகத் தனியே சேமித்துவிட்டு, கலந்த பதிவை அண்ணாவியாருக்குப் போட்டுக் காட்டினோம். கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் பாதியிலே கையை உயர்த்தினார்.

"தம்பி, பிற்பாட்டுக்காரர் எங்கை போட்டினம்?"

அத்தடத்தின் ஒலியை உயர்த்தினேன். மத்தளம் சற்றே மங்கிற்று. அவர் மறுபடியும் கண்களை மூடிக்கொண்டார்.