வாடகையில்லாக் கடை

“பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு?” என்பது எங்கள் தாத்தா அடிக்கடி சொல்லும் பழமொழி. 1974-ஆம் ஆண்டு கடைத்தெருவில் அவர் தொடங்கிய ஸ்டூடியோவுக்குப் பெயர்ப்பலகை ஒன்றே விளம்பரம். மாடிப்படியும் முழுநிலவும் தீட்டிய திரைச்சீலையின் முன்னே நின்று படம் எடுத்துக்கொள்ளாத குடும்பம் எங்கள் தெருவில் இல்லை எனலாம். இருட்டறையின் சிவப்பு விளக்கொளியில், திரவத்தில் மிதக்கும் வெள்ளைத்தாளில் ஒரு முகம் மெல்ல மெல்லத் தோன்றும் காட்சியைக் காண இரு கண்கள் போதா என்பார் அப்பா. நாங்கள் பிறக்கும் முன்பே அந்த அறை பழைய சாமான் போடும் அறையாகிவிட்டது.

தாத்தா கடை திறந்த மறு ஆண்டிலேயே, அதாவது 1975-இல், அமெரிக்காவின் கோடக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் படச்சுருள் தேவைப்படாத காமிரா ஒன்றைச் செய்துவிட்டார். ஒரு படத்தைப் பதிவு செய்ய அதற்கு 23 விநாடிகள் ஆயின. அந்தக் குழந்தை வளர்ந்து இன்று எல்லோருடைய சட்டைப் பையிலும் கைப்பேசியாக உட்கார்ந்திருக்கிறது. பாஸ்போர்ட் படத்திற்கும் கல்யாணத்திற்கும் மட்டுமே ஆட்கள் எங்கள் கடையைத் தேடி வந்தனர்.

சென்ற கோடை விடுமுறையில் ஓர் இரவு, “இந்த வருஷத்தோட கடையைக் காலி பண்ணிடலாமா?” என்று அப்பா அம்மாவிடம் கேட்டது எங்கள் காதில் விழுந்தது. அக்காள் தங்கை இருவருக்கும் அன்று உறக்கம் வரவில்லை. விடிந்ததும் ஒரு முடிவுக்கு வந்தோம். செலவில்லாமல் ஒரு வலைத்தளம் அமைப்போம்!

கூகுள் சைட்ஸ் என்னும் இலவச வசதியை எடுத்துக்கொண்டோம். அப்பாவின் கணக்கிலேயே தொடங்கினோம். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. எழுத்துப் பெட்டியையும் படத்தையும் இழுத்து வைத்தால் போதும். சொந்தப் பெயரில் முகவரி வேண்டுமானால் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். நாங்கள் அவர்கள் தரும் நீண்ட முகவரியே போதும் என்று விட்டுவிட்டோம். முகப்பு, படங்கள், கட்டணம், தொடர்பு என நான்கே பக்கங்கள்.

படங்களைத் தெரிவு செய்வதுதான் பெரும்பாடு. ஆயிரக்கணக்கானவற்றிலிருந்து இருபதை எடுக்க வேண்டும். அப்பாவுக்கோ எல்லாம் பெற்ற பிள்ளைகள்! 6,000 புள்ளி அகலமுள்ள படத்தை அப்படியே ஏற்றியபோது பக்கம் ஆமை வேகத்தில் திறந்தது. 1,600 புள்ளிகளாகச் சுருக்கியதும் ஓடத் தொடங்கியது. வாட்ஸாப் தொடுப்பில் 91 என்ற நாட்டு எண்ணை விட்டுவிட்டதால் அது திறக்கவில்லை. அதையும் திருத்தினோம். “விலையைப் போட்டால் பக்கத்துக் கடைக்காரர் பார்ப்பாரே” என்று அப்பா தயங்கினார். “வாங்க வருபவரும் பார்ப்பாரே, அப்பா” என்றோம். சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

முகப்பில் வைக்க ஒரு மணப்பெண்ணின் படத்தைத் தேர்ந்தெடுத்தோம். தாலி கட்டியபின் அவர் தம் தாயைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்த படம் அது. அப்பா எடுத்தவற்றுள் அதுவே சிறந்தது என்பது எங்கள் எண்ணம். வெளியிட்ட மூன்றாம் நாள் இரவு கைப்பேசி ஒலித்தது. பெண்ணின் தாயார். “எங்களைக் கேட்காமல் எங்கள் பெண்ணை எப்படி ஊருக்கெல்லாம் காட்டலாம்?” அப்பா ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டு நின்றார். அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்க எங்களுக்குத் துணிவில்லை.

உடனே படத்தை நீக்கினோம். ஆனால் நீக்கியபின் மீண்டும் ‘வெளியிடு’ என்பதை அழுத்தினால்தான் மாற்றம் வெளியே தெரியும் என்பதை அறியாமல் போனோம். மறுநாள் காலை வரை படம் அங்கேயே இருந்தது! இரண்டாம் முறையும் கைப்பேசி ஒலித்தபோதுதான் தெரிந்தது.

அன்று மாலை அப்பா எங்களை அந்த வீட்டிற்கு அழைத்துச் சென்றார். “பிழை பிள்ளைகளுடையது அன்று, பார்க்காமல் விட்ட என்னுடையது” என்றார். எங்களுக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அக்காவே எங்களுக்குத் தண்ணீர் கொடுத்து, “படம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றார். பிறகு ஆல்பத்தைப் புரட்டி, மருதாணி இட்ட கைகள் மாலையைப் பிடித்திருக்கும் படம் ஒன்றைக் காட்டி, “வேண்டுமானால் இதைப் போடுங்கள்” என்றார்.

பள்ளி திறந்ததும் எங்கள் கணினி ஆசிரியையிடம் இதைச் சொன்னோம். அவர் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவை விளக்கினார். ஒருவர் கேட்டுக்கொண்டு, பணமும் கொடுத்து எடுக்கச் செய்த நிழற்படத்திற்கு, வேறு உடன்பாடு இல்லையெனில், அவரே முதல் உரிமையாளராம். எடுத்தவருக்கே சொந்தம் என்றல்லவா நாங்கள் எண்ணியிருந்தோம்! இப்போது கடையில் ஒரு தாள் இருக்கிறது. படத்தை வலைத்தளத்தில் காட்டலாமா, கூடாதா என்று வாடிக்கையாளரே குறித்துக் கையெழுத்திடுவார். மற்ற பத்தொன்பது படங்களுக்கும் வீடு வீடாகச் சென்று கேட்டோம். ஐவர் வேண்டாம் என்றனர். ஐந்தையும் எடுத்துவிட்டோம், மறக்காமல் ‘வெளியிடு’ என்பதையும் அழுத்தினோம்.

ஆறு மாதங்களில் தளத்தைப் பார்த்து வந்த வேலைகள் நான்கு. பெரிய எண்ணிக்கை அன்று. ஆனால் அவற்றுள் ஒன்று, மும்பையிலிருந்து சொந்த ஊருக்கு வந்து பாட்டியின் எண்பதாம் பிறந்த நாளைக் கொண்டாடிய குடும்பத்தினுடையது. கடையைக் காலி செய்யும் பேச்சை அப்பா அதன்பின் எடுக்கவில்லை.

தாத்தாவிடம் கைப்பேசியில் தளத்தைக் காட்டினோம். கண்ணாடியை உயர்த்திப் பார்த்துவிட்டு, “பெயர்ப்பலகை ரொம்பச் சின்னதா இருக்கே!” என்றார். பூக்கடைக்கு விளம்பரம் வேண்டாம்தான். ஆனால் கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். பூப்பறிக்கும் முன் செடிக்கு உரியவரைக் கேட்கவும் வேண்டும். தோழியரே, நாங்கள் கற்றது இதுவே.

— சகோதரியர் இருவர்,
11-ஆம் வகுப்பு, 9-ஆம் வகுப்பு