57 ஆண்டுகள் பிந்தி வந்த கிண்ணம்

பத்திரிகைத் தொழிலில் நாம் எவரும் விரும்பாத பகுதி ஒன்று உண்டு. 'திருத்தம்' என்ற தலைப்பில் வரும் நான்கு வரிகளே அது. நான் விளையாட்டுப் பக்கத்துக்குப் பொறுப்பாக இருந்த காலத்தில், பாடசாலை மெய்வல்லுநர் போட்டியொன்றில் முதலாமிடம் பெற்ற மாணவனுக்குப் பதிலாக இரண்டாமிடம் பெற்றவனின் பெயரைப் பிரசுரித்துவிட்டோம். மூன்றாம் நாள் உட்பக்கத்தின் அடியில் திருத்தம் வெளியானது. அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு மாணவனின் தந்தை அலுவலகத்துக்கு வந்தார். "இது சரிதான் ஐயா. ஆனால், ஊரார் பார்த்தது அன்றைய பேப்பரை அல்லவா?" என்றார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

வெண்டெல் ஸ்கொட் என்ற அமெரிக்கரின் வரலாற்றைப் படித்தபோது அந்தத் தந்தையின் முகமே நினைவுக்கு வந்தது.

சாதாரணமாக விற்பனையாகும் கார்களைப் பந்தயத்துக்கு ஏற்றவாறு மாற்றியமைத்து ஓட்டுவது ஸ்டொக் கார் பந்தயம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில், கள்ளச்சாராயம் கடத்தியோர் பொலிஸாரிடமிருந்து தப்புவதற்காக வேகமூட்டிய கார்களோடும் அதன் தொடக்க வரலாறு பிணைந்திருக்கிறது. 1921 இல் வேர்ஜீனியாவின் டான்வில் நகரில் பிறந்த ஸ்கொட்டும் அப்படிச் சாராயம் கடத்தியவர்தான். இரண்டாம் உலகப் போரில் இராணுவத்தில் பணியாற்றினார். வாடகைக் கார் ஓட்டினார். சொந்தமாகக் கார் திருத்தும் பட்டறையும் நடத்தினார்.

நிறப்பாகுபாடு சட்டமாகவே இருந்த அந்த நாட்களில், 1961 இல், நாஸ்கார் அமைப்பின் முதன்மைப் பந்தயத் தொடருக்குள் நுழைந்தார். பெரிய அணிகளுக்குக் கார் நிறுவனங்களின் ஆதரவு இருந்தது. 34ஆம் இலக்கக் காரைக் கொண்ட ஸ்கொட்டின் அணியோ ஒரு குடும்பம். உரிமையாளர், சாரதி, பிரதான மெக்கானிக் மூவரும் அவரே. அவரது புதல்வர்கள் உதவியாளர்கள். மற்றவர்கள் பாவித்துக் கழித்த காரும் உதிரிப்பாகங்களுமே அவர்களது மூலதனம்.

1963 டிசெம்பர் 1ஆம் திகதி, புளோரிடாவின் ஜக்சன்வில் நகரில், அரை மைல் நீளமான மண் ஓடுபாதையில் 200 சுற்றுப் பந்தயம் நடைபெற்றது. 25 சுற்றுகள் எஞ்சியிருந்த வேளையில் புகழ்பெற்ற ரிச்சர்ட் பெற்றியை ஸ்கொட் முந்தினார். 200 சுற்றுகளை முடித்தும் அவருக்கு வெற்றிக்கொடி அசைக்கப்படவில்லை. மேலும் இரண்டு சுற்றுகள் ஓடினார். இரண்டு சுற்றுகள் பின்தங்கியிருந்த பக் பேக்கர் வெற்றியாளராக அறிவிக்கப்பட்டு, கிண்ணத்தையும் பெற்றார்.

ஸ்கொட் மறுகணக்குக் கேட்டார். சில மணித்தியாலங்களின் பின், பார்வையாளர்கள் கலைந்து சென்றதும், பதிவில் தவறு நேர்ந்துவிட்டதாகக் கூறி வெற்றியை அவருக்கு வழங்கினர். பரிசுப் பணம் கிடைத்தது, கிண்ணம் கிடைக்கவில்லை. வெற்றியாளரை வெள்ளையின அழகி முத்தமிடும் வழக்கம் இருந்தமையால், ஒரு கறுப்பினத்தவர் அந்த மேடையில் நிற்பதை அதிகாரிகள் விரும்பவில்லை என்றே ஸ்கொட் நம்பினார்.

அதன் பின்னும் அவர் ஓடினார். 1966 இல் ஆண்டுப் புள்ளிப் பட்டியலில் 6ஆம் இடம் பெற்றார். 1973 இல் தலடேகாவில் நேர்ந்த விபத்தில் படுகாயமடைந்ததோடு அவரது பந்தய வாழ்வு ஏறத்தாழ முடிவுற்றது. மொத்தம் 495 பந்தயங்கள். வெற்றி அந்த ஒன்றே. 1990 இல் அவர் காலமானார்.

2015 இல் நாஸ்கார் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் இடம்பெற்றது. 2021 ஓகஸ்ட் 28ஆம் திகதி, அவரது நூறாவது பிறந்த தினத்துக்கு முதல் நாள், டேற்றோனாவில் நாஸ்கார் அந்தக் கிண்ணத்தை அவரது குடும்பத்தினரிடம் கையளித்தது. அடுத்த ஒக்டோபரில் பப்பா வோலஸ் தலடேகாவில் வென்று, இத்தொடரில் வெற்றிபெற்ற இரண்டாவது கறுப்பினச் சாரதியானார்.

எமது பத்திரிகையில் நேர்ந்தது கவனக்குறைவு. ஜக்சன்வில்லில் நடந்ததை அப்படிச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் இரண்டு இடங்களிலும் இழக்கப்பட்டது ஒன்றுதான்: எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பொழுது. திருத்தம் எவ்வளவு பிந்தினாலும் வரத்தான் வேண்டும். ஆனால், அதை வெளியிட்டுவிட்டோம் என்று திருப்திப்பட்டுக்கொள்ளும் உரிமை தவறிழைத்தவர்களுக்கு இல்லை. அன்று அந்தத் தந்தையிடம் இதையாவது சொல்லியிருக்கலாம்.